நாலாம் நம்பர்

கூப்பிடாமல் வந்து நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் சொந்தக்காரர்களைப் பௌசியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. வளர்ந்து கணினி வேலைக்கு வந்த பிறகு அந்த எரிச்சலை எல்லாம் டாஸ்க்பாரில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் செயலிகள் மேல் கொட்டினாள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. மொத்தம் முப்பத்தெட்டுக் கணினிகள், அத்தனைக்கும் அவள் ஒருத்திதான் பொறுப்பு. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் யாரும் கேட்காத ஏதாவது ஒன்று திரையின் அடியில் இடம் பிடித்திருக்கும். ஒரு நாள் புது மெயில், ஒரு நாள் அரட்டைப் பெட்டி, இன்னொரு நாள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பல்லைக் காட்டும் உதவியாளர். துரத்திவிட்டால் அடுத்த அப்டேட்டில் வெட்கமே இல்லாமல் திரும்பி வரும்.

வந்தால் வரட்டும், ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். ஓரமாக இருந்தால்தானே. வரிசையின் நடுவில் நுழைந்து, இருப்பவர்களை எல்லாம் வலது பக்கம் தள்ளிவிட்டு உட்காரும். மாடி ஆபீஸில் இருப்பவர்களுக்கு அது வெறும் தொல்லை. கீழே குடோனில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை.

குடோன் ஆட்களுக்குக் கணினியில் எதற்கும் பெயர் கிடையாது, எண்தான். இடமிருந்து ஒன்று தராசு, இரண்டு வரவுப் பதிவு, மூன்று ரிலீஸ், நான்கு ஹோல்ட். தரம் பார்க்கும் லேப் தரும் சீட்டில் பச்சை முத்திரை இருந்தால் அந்தச் சரக்கு லாட்டை மூன்றில் போட்டு வெளியே விட வேண்டும். சிவப்பு முத்திரை என்றால் நான்கில் போட்டு நிறுத்த வேண்டும். திரைக்கு அடியில், மானிட்டர் சட்டத்தின் மேல், லாட் சீட்டு அடிக்கும் சுருளிலிருந்து கிழித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பௌசியாதான் ஒட்டி வைத்திருந்தாள். குடோனில் இருந்த எட்டுக் கணினிகளிலும் ஒட்டினாள். "போன்ல சொல்றதுக்குச் சௌகரியம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

அது பொய். எட்டில் ஒரு கணினிக்குத்தான் அந்த எண்கள் தேவைப்பட்டன. அது தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காக மற்ற ஏழிலும் ஒட்டினாள்.

அந்த ஒன்று கேட் மேசைக் கணினி. அதன் முன்னால் உட்காருபவர் செல்லதுரை. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் மூட்டை தூக்க வந்தவர், இப்போது ஐம்பத்தேழு. நான்கு வருஷத்துக்கு முன்னால் முதுகு விட்டுப்போன பிறகு, நம்பிக்கையான மனுஷன் என்று பழைய மேனேஜர் அவரைக் கேட் மேசையில் உட்கார்த்தினார். கணினி சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாளே, பாஸ்வேர்டில் எண் மட்டும் இருந்தால் போதுமா என்று அவர் மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை கேட்டபோது பௌசியாவுக்குப் புரிந்துவிட்டது. "எண்ணு தெரியும் பிள்ள. எழுத்துதான்..." என்று அவர் பாதியில் நிறுத்தினார். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, இங்கிலீஷைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அன்றிலிருந்து அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்தது.

இந்த மாதத் தொடக்கத்தில் பௌசியா ஒரு கொள்கைக் கோப்பு எழுதினாள். டாஸ்க்பாரில் என்ன இருக்க வேண்டும், எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும். வேறு எதுவும் தானாக ஒட்டிக்கொள்ள முடியாது. அதைக் கணினிகளுக்கு அனுப்பினாள், வேலை செய்தது. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரே ஒரு சிக்கல், கேட் கணினி மற்றவை மாதிரி இல்லை, ரொம்பப் பழையது. பொதுக் கோப்பை அங்கே அனுப்பினால் செல்லதுரையின் நான்கும் கலைந்துபோகும். அதற்குத் தனிக் கோப்பு எழுத வேண்டும், அரை நாள் வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை மட்டும் பட்டியலிலிருந்து விலக்கி வைத்தாள்.

திங்கட்கிழமை மாலை மேனேஜர் ஜாபர் சாதிக் படியில் நின்று கேட்டார். "பௌசியா, அந்த ஒட்டுறது, பிடிக்கிறது எல்லாம் தீர்ந்துச்சா? ஓனருக்கு மெயில் போடணும். முப்பத்தெட்டும் ஆச்சா?"

"ஆச்சு சார்."

ஆகவில்லை. முப்பத்தேழுதான் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அவருக்கு அவசரம், அவளுக்கும் வீட்டுக்குப் போக அவசரம். முப்பத்தெட்டு என்றே ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டாள். இரண்டு நாளில் செய்யப்போகிற வேலைதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வேறு வேலை வந்தது. புதன் காலை ஒன்பது மணிக்குத்தான் கேட் கணினிக்குத் தனிக் கோப்பு எழுதி அனுப்பினாள். பச்சை டிக் விழுந்தது. இப்போது ரிப்போர்ட் உண்மையாகிவிட்டது என்று பெருமூச்சு விட்டு, ஒரு சாயா வாங்கிக் குடித்தாள்.

பத்து மணிக்கு மாடியே களேபரப்பட்டது. களமசேரி யார்டில் நம்முடைய கண்டெய்னரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உள்ளே சிவப்பு முத்திரை விழுந்த 417ஆம் லாட் இருக்கிறது, பூஞ்சை பிடித்த மிளகு என்றார்கள். சரக்கு திரும்பி வருகிறது, கப்பல் போயாச்சு. குடோனில் ரிலீஸ் போடாமல் எந்த லாட்டும் வண்டி ஏறாது, ரிலீஸ் போட்டது கேட் மேசை, நேரம் செவ்வாய் மாலை நாலு இருபது. அந்த மிளகைக் கொண்டுவந்த வியாபாரி அன்று மத்தியானம் கேட்டுக்கு வந்து செல்லதுரையோடு சாயா குடித்ததைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பிறகு என்ன, ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று எல்லோரும் கூட்டிவிட்டார்கள்.

பௌசியா இறங்கி ஓடியபோது கேட் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். நடுவில் ஜாபர் சாதிக், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக.

"செவப்பு சீட்டு உங்க கையில இருந்துச்சு. பின்னெ எப்படி அண்ணாச்சி ரிலீஸ் ஆச்சு? எத்ர வாங்கினீங்க, அதச் சொல்லுங்க."

செல்லதுரையின் உதடு கோணியது. "நாலாம் நம்பரத்தான் தட்டுனேன். எம் பிள்ளைக மேல சத்தியமா நாலாம் நம்பரத்தான் தட்டுனேன்."

"மெஷின் இங்கதானே இருக்கு. பௌசியா, நோக்கு."

அவள் பார்த்தாள். ஒன்று தராசு, இரண்டு பதிவு, மூன்று ரிலீஸ், நான்கு ஹோல்ட். எல்லாம் அதனதன் இடத்தில் கன கச்சிதமாக இருந்தன. அப்படித்தானே இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளே அல்லவா ஒழுங்குபடுத்தி வைத்தாள்.

அவள் திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள்.

"சரியா இருக்கா?" என்று ஜாபர் சாதிக் கேட்டார்.

"இப்போ சரியா இருக்கு சார்" என்றாள். அந்த 'இப்போ' யார் காதிலும் விழவில்லை. அவளும் உரக்கச் சொல்லவில்லை. சொல்லாததற்காக அன்று முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாடிக்குப் போய்க் கணினியின் பதிவேட்டைத் திறந்தாள். செவ்வாய் பகல் இரண்டு பத்து, கேட் கணினி அப்டேட் முடித்துத் திரும்ப எழுந்திருக்கிறது. அதே நிமிஷத்தில் ஒரு அரட்டைச் செயலி டாஸ்க்பாரில் இரண்டாவது இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதிவு மூன்றுக்குப் போனது, ரிலீஸ் நான்குக்கு, ஹோல்ட் எண்ணே இல்லாத ஐந்தாம் இடத்துக்கு. அதற்குப் பிறகு புதுச் சரக்கோ வேறு சீட்டோ வராததால் செல்லதுரை இரண்டையும் மூன்றையும் தொடவே இல்லை, வித்தியாசம் தெரிய வழியும் இல்லை. நாலு இருபதுக்குச் சிவப்புச் சீட்டு வந்தது. சட்டத்தில் நான்கு என்று ஒட்டியிருந்ததற்கு நேர் மேலே தட்டி, லாட்டை ஸ்கேன் செய்து, என்டர் அடித்திருக்கிறார். ரிலீஸ் திரையும் ஹோல்ட் திரையும் ஒரே நீலம், ஒரே கட்டம். மேலே எழுதியிருக்கும் ஒரு வார்த்தைதான் வேறு.

அவருடைய வரிசையைக் கலைக்கக் கூடாது என்று விலக்கி வைத்தாள், அதனாலேயே அந்தச் சனியன் அங்கே போய் ஒட்டியது. பிறகு அவசரமாக வந்து தடயத்தையும் அவளே துடைத்துவிட்டாள். இதைவிட அழகாக ஒரு மனுஷனை மாட்டிவிட முடியாது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

உட்கார முடியவில்லை. மாடிக்கும் கீழுக்கும் இரண்டு தடவை நடந்தாள். படகுத் துறை வரை போய், படகு ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்று, ஒன்றும் தோன்றாமல் திரும்பி வந்தாள். முப்பத்தெட்டு என்று எழுதியது பொய் என்று சொன்னால் ஒப்பந்தம் போகும். போகட்டும், அதைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் ஜாபர் சாதிக் அடுத்து என்ன கேட்பார் என்றும் அவளுக்குத் தெரியும்.

செல்லதுரையை மேசையிலிருந்து எழுப்பி, சாக்குகள் அடுக்கிய பின்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் போய்ப் பக்கத்தில் நின்று, நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். ரிப்போர்ட்டில் பொய் எழுதியதையும் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. "அப்போ நான் சரியாத்தான் தட்டிருக்கேன்" என்றார். அது போதும் என்பது மாதிரி இருந்தது முகம்.

"நான் போய்ச் சொல்றேன் அண்ணாச்சி. ஆனா மேல ரிலீஸ்னு எழுதியிருக்கே, அதப் பாக்கலியான்னு கேப்பாரு."

"கேட்டா கேக்கட்டும்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னாத்தான் அவருக்குப் புரியும்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "அத மட்டும் வெளிய விட்றாத பிள்ள. களவாணின்னு சொன்னா நாலு நாள் பேசுவானுவ, பொறவு மறந்துருவானுவ. இவனுக்கு எழுத்தே தெரியாதுன்னு தெரிஞ்சா, சாவுற வரைக்கும் சிரிப்பானுவ. எம் மருமவன் களமசேரியில காலேஜ் வாத்தியாரு. அவன் வீட்டுக்கு வந்தா பேப்பர விரிச்சு வச்சிக்கிட்டு உக்காருதேன். தெரியுமா உனக்கு?"

"வேலை போயிரும் அண்ணாச்சி."

"போவட்டும். மூட்ட தூக்க வந்தவன்தான நான்."

முதுகு விட்டுப்போனவர் மூட்டை தூக்குவதைப் பற்றிப் பேசுகிறார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சரி, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு ஜாபர் சாதிக் அறையில் செல்லதுரையைக் கூப்பிட்டிருந்தார்கள். அலுவலகப் பிரிவு ஷபானா ஒரு தாளோடு நின்றாள். பௌசியா கூப்பிடாமலே உள்ளே நுழைந்தாள். பதிவேட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"சார், நான் ரிப்போர்ட்ல எழுதினது பொய். முப்பத்தேழு கம்ப்யூட்டர்தான் முடிச்சிருந்தேன். கேட் கம்ப்யூட்டர விட்டுட்டேன். நேத்து அதுல ஒரு செயலி நடுவுல வந்து ஒட்டி, வரிசை மாறிப்போச்சு. அண்ணாச்சி நாலாவதத்தான் தட்டிருக்காரு. அந்த இடத்துல ரிலீஸ் வந்திருக்கு. இன்னிக்கி காலையில நான் சரி பண்ணிட்டேன், அதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஜாபர் சாதிக் தாளை வாங்கி நேரங்களைப் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது அவரை. ஓனரிடம் பதில் சொல்ல வேண்டிய மனுஷன். இரண்டு தடவை படித்தார்.

"முப்பத்தெட்டுன்னு நான் ஓனருக்கு எழுதினேன், மோளே."

"தெரியும் சார். தப்பு என்னுது."

"அது பின்னெ பேசலாம்." தாளை மேசையில் வைத்தார். "ஐக்கான் மாறிச்சு, சம்மதிச்சு. பட்சே திறந்த உடனே மேலே ரிலீஸ்னு இவ்ளோ பெருசா எழுதிருக்கே. நாலு வருஷமா தினம் பாக்கிற ஆளு. அது கண்ணுல படாதா? அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

செல்லதுரை தரையைப் பார்த்தார்.

"படலியா?"

"பட்டுது" என்றார். "கவனிக்கல."

"கவனிக்கலியா, கவனிச்சும் விட்டீங்களா?"

பௌசியாவுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி. போலீஸ் வேண்டாம், இத்தன வருஷம் இருந்த ஆளு. நீங்களா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. வாசிச்சு நோக்கி ஒப்பு போடுங்க." ஜாபர் சாதிக் கைகாட்ட, ஷபானா தாளை மேசையில் வைத்துப் பேனாவையும் நீட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்திருந்தது.

செல்லதுரை நாற்காலியை முன்னால் இழுத்தார். தாளின் மேல் குனிந்தார். கண்கள் இடமிருந்து வலமாகப் போயின, அடுத்த வரிக்கு இறங்கின, மறுபடி போயின. வாசிக்கிற ஆள் எவ்வளவு நேரம் எடுப்பாரோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷப் பழக்கம் அது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கையெழுத்தை மட்டும் அவர் போடக் கற்றுவைத்திருந்தார்.

பௌசியா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளைப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"வாசிச்சிட்டேன்" என்று செல்லதுரை பேனாவை எடுத்தார்.

கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. தான் கேட்கப்போவது என்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் கேட்டாள்.

"என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

பேனா நின்றது. "ராஜினாமா. வேற என்ன?"

"வியாபாரிகிட்ட லஞ்சம் வாங்கிட்டு லாட்ட வெளிய விட்டேன்னு எழுதியிருக்கு. எங்கூட வேலை பாக்குறவங்களையும் ஏமாத்துனேன்னு எழுதியிருக்கு. கடைசி வரியில, இதையெல்லாம் வாசிச்சுப் புரிஞ்சுகிட்டு ஒப்பு போடுறேன்னு எழுதியிருக்கு."

செல்லதுரை தாளைப் பார்த்தார். பிறகு ஜாபர் சாதிக்கைப் பார்த்தார்.

"நான் ஒளிச்சு வெக்கலியே" என்றார் ஜாபர் சாதிக். அவருக்கே குழப்பமாக இருந்தது. "முன்னாலதானே வெச்சேன். நீங்க வாசிச்சீங்களே."

செல்லதுரை திரும்பிப் பௌசியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை, இருந்தும் கண்ணை எடுக்கவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது சார்."

"எந்தா?"

"இங்கிலீஷு தெரியாது. மலையாளம் தெரியாது. தமிழும் தெரியாது. எண்ணு மட்டும் தெரியும். இந்தப் பிள்ள நம்பர் ஒட்டிக் குடுத்தா. அத வச்சித்தான் நாலு வருசமா ஓட்டுனேன். ஒரு தடவ தப்பினது கெடையாது. நேத்தைக்கு வரைக்கும்."

ஷபானா வாயில் கை வைத்தாள். ஜாபர் சாதிக் அந்தப் பதிவேட்டுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். படித்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து, எல்லோருக்கும் எழுத்து தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒரு திரையைச் செய்து ஒரு மனுஷன் முன்னால் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு உறைத்ததோ என்னவோ, ராஜினாமாத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"போங்க அண்ணாச்சி. போய் வேலை பாருங்க. கழிஞ்சது கழிஞ்சது."

செல்லதுரை எழுந்திருக்கவில்லை.

"அப்படிப் போவ முடியாது சார். காலையில பத்துப் பேரு முன்னால கேட்டீங்க, எவ்வளவு வாங்குனன்னு. நான் வாங்கலன்னு எழுதித் தாங்க."

"அதான் கிழிச்சாச்சே."

"அது நீங்க எழுதுனது, நீங்க கிழிச்சீங்க. நான் கேக்கது வேற."

ஜாபர் சாதிக் ஷபானாவைப் பார்த்தார். அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அடித்தாள். பத்து நிமிஷத்தில் தாள் வந்தது. ஜாபர் சாதிக் கையெழுத்துப் போட்டு, செல்லதுரையும் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

"வாசிங்க சார்" என்றார் செல்லதுரை.

"ம்?"

"எனக்குத்தான் தெரியாதே. நீங்க வாசிங்க, நான் கேக்கேன். தமிழ்ல சொல்லி வாசிங்க. அந்தக் கதவத் தொறந்து வச்சிட்டு வாசிங்க."

பௌசியா போய்க் கதவைத் திறந்தாள். மாடி ஆபீஸ் முழுதும் தலை தூக்கிப் பார்த்தது. மேனேஜர் எழுந்து நின்று, தடுமாறித் தடுமாறி, தமிழும் மலையாளமுமாக, செல்லதுரை ஒரு ரூபாயும் வாங்கவில்லை, லாட் வெளியே போனது கணினியில் வரிசை மாறியதால், தவறு கம்பெனியுடையது என்று வாசித்தார். ஓர் இடத்தில் வேகமாகத் தாண்டப் பார்த்தார். "அத இன்னொருக்க வாசிங்க" என்று செல்லதுரை சொல்ல, மறுபடி வாசித்தார். கேட்டு முடித்த பிறகே அவர் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வழியில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோரும் அவரைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள், அது அவருக்கும் தெரிந்தது.

"உன் காரியம் மாசக் கடைசியில பேசலாம்" என்று ஜாபர் சாதிக் பின்னாலிருந்து சொன்னார். பௌசியா தலையாட்டிவிட்டு ஓடினாள். படியில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணாச்சி."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். திரும்பவில்லை.

"நீ கேட்டது சரிதான் பிள்ள. கேக்காம இருந்தா களவாணின்னு நானே ஒப்பு போட்டுக் குடுத்திருப்பேன்."

அவள் ஒரு படி இறங்கினாள்.

"ஆனா வாக்குக் குடுத்த. நான் உன்னத்தான நம்புனேன்." அடுத்த படியில் காலை வைத்தார். "இன்னைக்கு எங்கிட்ட பேசாத. நாளைக்கும் வேண்டாம்."

பிறகு எப்போது என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். மாடியில் நடந்தது அதற்குள் கீழே எட்டியிருந்தது. லேப்பிலிருந்து சீட்டு எடுத்துக்கொண்டு ஓர் ஆள் வந்தான். அவர் கையை நீட்டுவதற்குள், சீட்டில் இருந்ததை அவனே உரக்க வாசித்துக் காட்டினான்.